ராகுகாலம் முடியட்டும்

ஐந்து நிமிடமாவது இருந்தது. அதை மட்டும் எப்படிப் புரட்டிப் பார்த்தும் அவரால் இல்லையென்று ஆக்க முடியவில்லை. நஸ்மி தன் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினான், "பத்தரைக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இரிக்கி சேர்" என்று. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும், கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பேனாவின் மூடியைக் கழற்றி, ஒரு இழுப்பு, அவ்வளவுதானே. ஆனால் குருகுலசிங்கம் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். எப்போதும் முந்தி ஓடுகிற மணிக்கூடு அது, முந்தி ஓடுவது அவருக்கும் தெரியும், மட்டக்களப்பில் அவரைத் தெரிந்த பாதிப் பேருக்கும் தெரியும். "என்ட மணிக்கூட்டில தொடங்கிட்டுது தம்பி. ராகுகாலம் முடியட்டும், பன்னெண்டுக்குப் பிறகு வைக்கிறன்" என்றார். நஸ்மி வாதாடியிருக்கலாம். சட்டத்தரணி, அவரைப் போலவே பாராளுமன்ற உறுப்பினர், நாற்பது வயதில் நாக்கில் நெருப்பு உள்ளவன், வாதாடத் தெரியாதவனா. வாதாடியிருந்தால் இவரும் கொஞ்சம் முறைத்துவிட்டு, சரி கொண்டா என்று வைத்திருப்பார், நிச்சயமாக வைத்திருப்பார், அல்லது அப்படி இப்போது நினைத்துக்கொள்ளச் சுகமாக இருக்கிறது. ஆனால் பிறருடைய நம்பிக்கையில் கைவைக்கக் கூடாதென்று யாரோ நல்ல தாய் தகப்பன் வளர்த்த பிள்ளை, கடதாசியை மடிப்பு விழாமல் உறைக்குள் திருப்பி வைத்தான். "சரி சேர், உங்கட நேரம் உங்களுக்கு. பன்னெண்டுக்கு எனக்கு ஜும்ஆ. தொழுதுட்டு நேரா இங்க வாறன், ரெண்டு மணிக்கு சபாநாயகர்ட வீட்டுக்குப் போவம்" என்றான். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், அவரைப் பார்க்காமல், "சபாநாயகர் கையில எடுத்தாப் பிறகு ஜனாதிபதியால பாராளுமன்றத்தக் கலைக்க ஏலா சேர். அதுக்கு முன்ன எப்பயும் ஏலும். உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். தெரியாததா. தெரிந்ததால்தானே இத்தனை வியர்வை.

தங்கை சௌந்தராவின் வீட்டுப் பால்கனியில், அந்தப் பிரம்புக் கதிரையில், அவன் விட்டுப்போன இடத்திலேயே அவர் இருந்தார். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. பாராளுமன்றம் கூடுகிற வாரங்களில் உறுப்பினர் விடுதியில் தங்காமல் இங்கேதான் வந்து விழுவார், மனைவி போன பிறகு விடுதிச் சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை. கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல் வெயிலில் வெளுத்துப்போய்க் கிடந்தது. குசினியில் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசம், வெள்ளிக்கிழமையென்றால் மரக்கறிதான். எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பெண் போர்வையை உதறிக் காயப்போட்டாள். நாட்டில் எதுவுமே நடக்காத வெள்ளிக்கிழமை போலத்தான் இருந்தது. ஆனால் நஸ்மியின் காருக்குள் இருப்பது ஜனாதிபதியைப் பதவி நீக்கச் சொல்லும் குற்றப்பிரேரணை. மூன்று கையெழுத்துக் குறைகிறது. இவர் வைத்தால் இவருடைய கட்சியின் மற்ற இரண்டு பேரும் வைப்பார்கள், ஐயா வைத்தால் நாங்களும் என்று சொல்லிவிட்டார்கள், ஒரு வயதான மனிதனின் முதுகுக்குப் பின்னால் நிற்பதில்தான் எவ்வளவு குளிர்ச்சி. குற்றம் என்னவென்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். வம்மிச்சேனை முகத்துவாரத்தில் மண் அள்ளக் கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டது. ஜனாதிபதி தடையைத் தூக்கி எறிந்துவிட்டு அள்ளச் சொன்னார். மீன்பிடிச் சனம் போய் வழியில் குந்தியது. இராணுவம் போனது. நான்கு பேர். அன்று தொலைக்காட்சியில், கட்டளை என்னுடையதுதான், நாளைக்கும் இதையே செய்வேன் என்றார் ஜனாதிபதி, சொல்லிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், இருமினார், அந்த இருமலுக்காக அரைக் கணம் இவர் மனம் இரங்கியதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது. நான்கு பேர் செத்த அன்று, கொன்றவனுக்குத் தடிமன் பிடித்திருக்கிறதே என்று இரங்கிய நெஞ்சு. இதை வைத்துக்கொண்டுதான் பாராளுமன்றம் போகிறார்.

ராகுகாலமாம். அவருக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் புளித்தது. அரசியலுக்கு வருமுன் அவர் நொத்தாரிசு, காணி உறுதி எழுதுகிறவர், தன் கையெழுத்தை விடப் பிறருடைய கையெழுத்தை அதிகம் பார்த்து வாழ்ந்தவர். அந்தத் தொழிலில் அவர் தானாகக் கண்டுபிடித்த ஒரு உபாயம் இருந்தது. அவர்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான், தாய் வீடு மகளுக்கு. ஆனால் சில அண்ணன்மார் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், தங்கை தலையைக் குனிந்துகொண்டிருப்பாள், வீட்டை அண்ணன் பேருக்கு எழுதித் தர அவளுக்குச் சம்மதமாம், அண்ணன்தான் சொல்வான், அவள் விரல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த விரலைப் பார்த்ததும் குருகுலசிங்கம் பேனாவை மூடுவார். "ஐயோ, இப்ப ராகுகாலம் தொடங்கிட்டுதே. பின்னேரம் வாங்க" என்பார். அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை. எந்தப் பேய்க்காட்டுகிற அண்ணனும் ராகுகாலத்தில் உறுதி முடிக்க மாட்டான். பின்னேரத்துக்குள் அந்தப் பெண் யாரிடமாவது அழுவாள், யாராவது ஒரு மாமன் குறுக்கே வருவான், பலபேர் திரும்பி வரவே இல்லை. ஒருமுறை செவ்வாய்க்கிழமைக் காலையில், பஞ்சாங்கத்தில் ராகுகாலமே இல்லாத நேரத்தில், கூசாமல் ராகுகாலம் என்று சொல்லியிருக்கிறார், யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களை எண்ணச் சொன்னால் அதைத்தான் முதலில் எண்ணுவார். எத்தனை வீடுகளை ஒரு பொய் காப்பாற்றியது. இன்றைக்கு அதே பொய்யை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார், அண்ணனும் அவரே, தங்கையும் அவரே, சேலைத் தலைப்பும் அவரிடமே இருக்கிறது. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற என்பதுதான் விளங்கவில்லை.

"என்ன அண்ணே, வெயில் முகத்தில அடிக்குது, உள்ள வாங்களன்" என்று சௌந்தரா கரண்டியோடு வந்து நின்றாள். "அந்தத் தம்பி ஏன் தேத்தண்ணி கூடக் குடிக்காமப் போறார்?"

"திரும்பி வருவார். ராகுகாலம் எண்டு சொன்னன்."

"ராகுகாலமா?" அவள் கரண்டியைத் தாழ்த்தினாள். "நீங்களா? அண்ணிர தாலிய ராகுகாலத்தில கட்டிப்போட்டு, ஐயர் கத்தக் கத்தச் சிரிச்ச மனுசன். எப்ப இருந்து பாக்கத் தொடங்கினீங்க?"

"வயசு போகுதுதானே."

தங்கைமாருக்குக் கதவைப் பூட்டி வைக்க முடியாது. "பயமா இருந்தா பயமெண்டு சொல்லுங்க அண்ணே" என்றாள், கோபமில்லாமல், உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில், சொல்லிவிட்டுப் பருப்பு அடிப்பிடிக்கிறதென்று உள்ளே ஓடினாள்.

பயம்தான். ஆனால் பயம் மட்டுமா, அப்படிச் சொன்னாலும் அது அரைவாசிப் பொய்தான், ஏனென்றால் மனைவி தவமலர் இருக்கிறாள். இல்லை, இல்லை, ஆனால் இருந்தாள், அந்தப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் இருந்தாள், வாய் ஒரு பக்கம் கோணி, சொல் குழறி, ஆனாலும் அவரைத் திட்டுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தாள், அந்த வருடங்கள் அந்த மனிதன் கொடுத்தது. அப்போது அவர் ஜனாதிபதி இல்லை, சாதாரண அமைச்சர். பாதை எல்லாம் தண்ணீருக்குள், தவமலர் பாதிக் குளிப்பில் விழுந்து கிடக்கிறாள், ஆஸ்பத்திரியில் இங்கே ஒன்றும் செய்ய ஏலாது கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்கள், எதில் கொண்டுபோக. இவர் எல்லாருக்கும் போன் போட்டார், தமிழ்த் தலைவர்மார் எல்லாருக்கும், ஐயோ பாவம் என்றார்கள், கும்பிடுகிறோம் என்றார்கள். அந்த மனிதன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார், பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலிகொப்டர் வந்து இறங்கியது. பிறகு அவள் செத்தபோது, ஜனாதிபதியாக, காவல்காரர்களை ஒழுங்கை முகப்பில் நிறுத்திவிட்டு வந்தார், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்தார். அந்த ஓட்டையை இவரால் மறக்க முடியவில்லை. கெட்டவனாக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு வசதி. ஹெலிகொப்டர் என்ன அவருடைய அப்பன் வீட்டுச் சொத்தா சேர் என்று நஸ்மி ஒருமுறை கேட்டான், நியாயம்தான், நாட்டுடைய ஹெலிகொப்டர், நாட்டுடைய எண்ணெய், ஆனால் போனை எடுத்தது அந்த மனிதன்தானே, நாடு எடுக்கவில்லையே. தவமலர் உயிரோடு இருந்தால் என்ன சொல்வாள். கோணல் வாயால் ஏதோ சொல்வாள், இவருக்கு மட்டும் விளங்கும். அவள் என்ன சொல்வாள் என்று கேட்கப் பயந்து இவர் அந்த நினைவை அவசரமாக மூடினார்.

சரி, செய்நன்றி ஒரு பக்கம் கிடக்கட்டும், நேரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. நேரம் பார்த்துச் செய்ய வேண்டாமா. பங்குனியில் சூடு நடந்து ஒரு கிழமைக்குள்ளேயே நஸ்மி வந்தான், அப்போது இருபது பேர்தான், நீங்கள் முதலில் வையுங்கள் சேர், உங்கள் சனம், உங்கள் தொகுதி, நீங்கள் வைத்தால் ஐம்பது வரும் என்றான். சூட்டோடு சூடாகச் செய்தால் ஆத்திரம் என்பார்கள், விசாரணை முடியட்டும் என்றார் இவர். விசாரணைக்கு ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியை வைத்தார்கள், அவர் கண் ஒப்பரேஷனுக்குப் போனார். பிறகு சித்திரை வருடப்பிறப்பு, பெருநாள், வெசாக், கொண்டாட்டத்துக்குள் இது வேண்டாம். பிறகு கடன் கொடுக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்கள், நாடு படுத்த படுக்கையில் கிடக்கும்போது தலையை மாற்றுகிறதா என்றார். பிறகு வரவுசெலவுத் திட்டம். ஒவ்வொன்றும் நல்ல காரணம், எதையும் கூசாமல் மேடையில் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார், கைதட்டினார்கள். சனம் வாக்குப் போட்டு அனுப்பியவனைச் சனம்தான் வாக்குப் போட்டு இறக்க வேண்டும், இருநூற்றுச் சொச்சம் பேர் ஒரு அறைக்குள் கூடி இறக்கினால் நாளைக்கு எவன் வந்தாலும் எண்ணிக்கை காட்டி இறக்குவார்களே, பிடிக்காதவனை எல்லாம் இறக்குவதா என்றும் வாதாடினார், அந்த வாதத்தில் இன்றைக்கும் அவருக்கு நம்பிக்கை உண்டு, அதுதான் கூத்து, நம்பிக்கை உள்ள வாதங்களையே பொறுக்கிப் பொறுக்கிச் சாக்காக வைத்திருக்கிறார். பிடிக்காதவனை இறக்குவது வேறு, நீதிமன்றத் தடையை மிதித்துச் சனத்தைச் சுட்டவனை இறக்குவது வேறு, வாக்குப் போட்டவர்கள் அதற்குமா வாக்குப் போட்டார்கள், இது அவருக்குப் பங்குனியிலேயே தெரியும். பங்குனியில் அந்த நான்கு பேருடைய படமும் எல்லாச் சுவரிலும் இருந்தது. தென்பகுதிச் சிங்களப் பத்திரிகைகள் கூட முதல் பக்கத்தில் போட்டன. அன்று வைத்திருந்தால் நாடே பின்னால் வந்திருக்கும். பிறகு மழை வந்து சுவரொட்டிகள் உரிந்து, அந்த இடங்களில் சலவைத்தூள் விளம்பரம் ஒட்டினார்கள். இவர் காரில் போகும்போது பார்த்தார், பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்து எதையோ தேடினார்.

ஒரு ரயில் கடகடவென்று போனது, வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு, ஒருவனுடைய சட்டை காற்றில் உப்பிக்கொண்டு. ரயில் பாதை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் இந்தப் பாதையில்தான் ஓடினார், சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்து வேலை பழகிக்கொண்டிருந்த வயது, இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகை அறை, வீதிப் பக்கம் போக முடியவில்லை, புகை, கடற்கரையோடு சல்லிக்கல்லில் வெறுங்காலோடு. அந்தக் கல் இன்னும் பாதத்தில் குத்துகிறது. இத்தனை வருடம் கழித்து அதே இடத்தில் மாடியில் இருந்து தேங்காய்ப்பால் வாசம் பிடிக்கிறார், மனிதன் எதையும் பழகிக்கொள்வான், ஆனால் உள்ளங்கால் பழகுவதில்லை. தென்பகுதியில் நாளைக்கு என்ன சொல்வார்கள். முதல் கையெழுத்துத் தமிழனுடையதாக இருந்தால் தமிழன்தான் தொடங்கினான் என்பார்கள். ஆகவே பங்குனியில் முதலாவதாக வைக்கவில்லை, நடுவில் வைப்போம், கூட்டத்தில் ஒருவனாக, யாருக்கும் தெரியாமல். நடுவில் வைக்கக் காத்திருந்து காத்திருந்து நடு போய்விட்டது, இப்போது கடைசிக் கையெழுத்து, கவிழ்க்கிற கையெழுத்து, தமிழன்தான் கவிழ்த்தான் என்பார்கள். முதலும் கூடாது, கடைசியும் கூடாது. பயத்துக்கு எந்த இடம் கொடுத்தாலும் அது அங்கே குந்தாது போலிருக்கிறது. கடைக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள், கீழே புடவைக் கடை வைத்திருக்கிற யோகராசா, மருந்துக்கடைப் பிள்ளை, நாளைக்கு ஏதாவது நடந்தால் இவர் பெயரைச் சொல்லித்தானே கல்லெறிவார்கள். ஆனால் நஸ்மி முதல் ஆளாக வைத்தானே, அவனுக்கு மட்டும் கடை இல்லையா, அவனுடைய ஆட்களுக்கு மட்டும் கல் விழாதா. அந்த யோசனை வந்ததும் யோகராசாவின் புடவைக் கடையை நினைத்துக் கவலைப்படுவதை நிறுத்திக்கொண்டார். அந்தக் கவலை கொஞ்சம் வசதியாகப் போய்விட்டது.

பூரணம் என்றொரு பெண். இவ்வளவு நேரமும் அவளைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தார், பக்கத்தில் போகாமல். வம்மிச்சேனையில் நண்டு விற்கிறவள், செத்த நான்கு பேரில் நிரோஜினி அவளுடைய மகள், ஆடைத் தொழிற்சாலையில் வேலை, அன்று லீவு போட்டுவிட்டுப் போய் வழியில் குந்தியவள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து பூரணம் இவருடைய அலுவலகத்துக்கு வந்தாள். இவர் தயாராக இருந்தார், நட்டஈடு எவ்வளவு, யாரிடம் பேசலாம், மற்றப் பிள்ளைக்கு ஏதாவது வேலை, எல்லாவற்றுக்கும் வாயில் பதில் வைத்திருந்தார். அவள் அதொன்றும் கேட்கவில்லை. கதிரையிலும் இருக்கவில்லை, நண்டு வாடை அடிக்கும் ஐயா என்று நின்றாள். "சுட்ட பொடியன எனக்குத் தெரியும். அவனும் அழுதவன். அவன நான் கேக்கல்ல" என்றாள். "சுடச் சொன்னவர, அவர யாரு ஐயா கேப்பாங்க? எங்களால ஏலாதே. பொலிசாலயும் ஏலாதாம். அப்ப ஆரு?" அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதைப் போல. இவர் நிமிர்ந்திருந்து, "நாங்க கேப்பம். பாராளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கு. நாங்க கேட்டா அவர் பதில் சொல்லியே ஆகணும்" என்றார். சட்டப்படி சரியான பதில், நூற்றுக்கு நூறு. அவள் தலையாட்டினாள். "எப்ப ஐயா?" என்றாள். "கெதியில" என்றார். கெதியில். சீக்கிரம் என்கிற அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு திருவிழாவில் ஒருமுறை கண்டாள், கேட்கவில்லை, சிரித்தாள். கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம், உனக்கு அரசியல் விளங்காது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பை என்ன செய்வது. அவருக்குத் தன்னைக் கண்டே வெட்கமாக இருந்தது, வாய்விட்டு "சீ" என்றார்.

வைக்க வேண்டும். அவ்வளவுதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஹெலிகொப்டருக்கு நன்றி சொல்வதென்றால் தன்னுடைய சொத்தில் எதையாவது கொடுத்து நன்றி சொல்ல வேண்டும், பூரணத்தின் மகளைக் கொடுத்தா நன்றி சொல்வது. இது இவ்வளவு லேசான கணக்காக இருந்தும் பங்குனியிலிருந்து போடாமல் கிடந்ததே. தவமலர் என்ன சொல்வாள் என்பதும் இப்போது கேட்டது, கோணல் வாயால், என்னத்துக்கு என்னைச் சாட்டுறீங்க என்பாள். ஆமாம், அதைத்தான் சொல்வாள். அவர் எழுந்தார், முழங்கால் இரண்டும் விறைத்திருந்தன, ஆனாலும் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது, பல நாள் காய்ச்சல் விட்ட காலை போல. நஸ்மிக்குப் போன் போட்டு, இப்போதே வா, ராகுகாலமும் மண்ணாங்கட்டியும் என்று சொல்லலாமா என்று கைபேசியை எடுத்தார். எடுத்தவர் நேரத்தைப் பார்த்தார், பன்னிரண்டாகப் போகிறது. அவன் பள்ளிவாசலில் இருப்பான், போனை நிறுத்தி வைத்திருப்பான், தொழுகிற மனிதனை இடையில் கூப்பிடுவதா. அவன் என் ராகுகாலத்துக்கு மரியாதை கொடுத்தான், நான் அவனுடைய தொழுகைக்கு மரியாதை கொடுப்பதுதானே முறை. ஒரு மணிநேரம், அதிலென்ன வந்தது. கைபேசியை வைத்துவிட்டு முகம் கழுவினார், தலை சீவினார், சபாநாயகர் வீட்டுக்குப் போகவென்று வெள்ளைச் சட்டை எடுத்து மாட்டினார், பொத்தான்களைப் பூட்டும்போது விரல் தடுமாறவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகம் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"அண்ணே!" என்று சௌந்தரா முன்னறையிலிருந்து கூப்பிட்ட குரலில் ஏதோ இருந்தது. தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுச் சிவப்புப் பட்டியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல். ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். உடனடியாக நடைமுறைக்கு வருகிறது. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார், மூன்றாம் தடவை வாசிக்கும்போதுதான் விளங்கியது, யாரோ வாய் விட்டிருக்கிறார்கள், இரவே தெரிந்திருக்கலாம், காலையில் தெரிந்திருக்கலாம், வர்த்தமானி அச்சாக ஒரு காலை வேண்டுமல்லவா. இனிப் பிரேரணை இல்லை, சபை இல்லை, கேட்கிறதுக்கு ஆள் இல்லை. நஸ்மியின் ஐந்து நிமிடம் நினைவுக்கு வந்தது, ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம் முன்னால், வேறொன்று வந்தது, அதை அவர் பிடித்துவிட்டார், பிடிக்காமல் விட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். ஆறுதல். தோள் இரண்டும் கீழே இறங்கின, அப்பாடா என்றது உடம்பு. வெள்ளைச் சட்டையோடு, சீவிய தலையோடு, வைக்க வேண்டும் என்று முடிவெடுத்து அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அப்பாடா என்றது. பிறகுதான் மற்றதெல்லாம் வந்தன, கோபம், துக்கம், பூரணம், எல்லாம் வரிசையாக வந்தன, ஆனால் பிந்தி வந்தன. அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

நஸ்மி ஒரு மணிக்கு வந்தான். தொப்பி சட்டைப் பையில் மடிந்திருந்தது, முகத்தில் இன்னும் தொழுகைக்கு ஒளுச் செய்து கழுவிய ஈரம் காயாதது போல் ஒரு அமைதி. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அல்லாஹ்ட நாட்டம் சேர். நாம முயற்சி செஞ்சம்" என்றான், நாம என்றான், அந்தச் சொல்லில் இவரையும் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டான். சௌந்தரா விடவில்லை, மரக்கறிதான் தம்பி, கை நனைச்சிட்டுத்தான் போகவேணும் என்று இலக்கறியும் பருப்பும் மாங்காய்ச் சொதியும் வைத்தாள். இருவரும் எதிரெதிராக இருந்து சாப்பிட்டார்கள். இரண்டாம் பிடி வாயில் வைக்குமுன் குருகுலசிங்கம் சொன்னார்.

"தம்பி, அந்தக் கடதாசிய எடுங்க. நான் வைக்கிறன்."

"இப்பயா சேர்?"

"செல்லாதெண்டு தெரியும். இருந்தாலும் என்ட பேர் அதில கிடக்கட்டும். நாளைக்கு ஆராவது எடுத்துப் பாத்தா, இந்த மனிசனும் இருந்தானெண்டு தெரியட்டும்."

நஸ்மி சாப்பிடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது, அதை மறைக்கச் சோற்றைப் பிசைந்தான். "கார்ல இரிக்கி சேர். சாப்பிட்டுட்டு எடுத்து வாறன்" என்றான். அவனுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது போலிருந்தது, இவருக்கும் அந்த நேரத்துக்கு அது போதுமாக இருந்தது.

கைபேசி அடித்தது. வலது கையில் சோறு, இடது கைச் சுண்டுவிரலால் பேச்சு வெளியே கேட்கிற பொத்தானை அமத்தினார், வீட்டில் சாப்பிடும்போது எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

"ஐயா, ஞானரூபன் கதைக்கிறன், ஜனாதிபதி செயலகத்திலயிருந்து" என்றது குரல். தமிழ் அலுவல்களைப் பார்க்கிறவன், நன்றாகத் தெரிந்த பொடியன், குரல் சர்க்கரைபோல் இருந்தது. "நேரில எடுக்க அவருக்கு நேரமில்லை. ஐயாவுக்கு நன்றி சொல்லச் சொன்னவர்."

"நன்றியா? எனக்கு என்னத்துக்கு?"

"பத்தரைக்கே கடதாசி சபாநாயகரிட்டப் போயிருந்தா அவருக்குக் கையைக் கட்டின மாதிரிப் போயிருக்குமாம். அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் காப்பாத்தினதாம். சிங்கம் என்னை மறக்கேல்லை எண்டு, கண்ணெல்லாம் கலங்கிப்போய்ச் சொன்னவர், ஐயா."

"தம்பி, நான் ஒண்டும் செய்யல்லையே" என்றார் குருகுலசிங்கம். குரல் அவருக்கே சிறுபிள்ளையின் குரல் போலக் கேட்டது.

"அதுக்குத்தான் ஐயா" என்றான் ஞானரூபன்.

போன் நின்றது. சௌந்தரா சொதிக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். இல்லை தம்பி, அப்படி இல்லை, அவருக்கும் எனக்கும் ஒரு பேச்சும் இல்லை, பயத்தில் சொன்னேன், வெறும் பயம், முடிவெடுத்துவிட்டேன், சட்டை கூட மாற்றிவிட்டேன் பார், என்று எல்லாம் அவர் தொண்டை வரை வந்தன. இதில் எதைச் சொன்னாலும் அகப்பட்ட கள்ளன் சொல்கிற மாதிரித்தான் இருக்கும் என்று தெரிந்து அங்கேயே நின்றன. நஸ்மி தலை நிமிரவில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், எழுந்து கை கழுவினான், துவாயில் துடைத்தான். "நல்ல சாப்பாடு அக்கா, பெரிய உபகாரம்" என்று சௌந்தராவிடம் சொன்னான். வாசலில் செருப்பை மாட்டினான். "வாறன் சேர்" என்று அவரிடமும் மரியாதையாகச் சொன்னான். படியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது, கீழே கார்க் கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. கடதாசியை எடுத்துக்கொண்டு மேலே வருகிறான் என்று குருகுலசிங்கம் காய்ந்த கையோடு காத்திருந்தார், கார் புறப்பட்டு வீதிக்கு ஏறிய பிறகும் கொஞ்சநேரம் காத்திருந்தார்.